பக்கச் சக்கரம்

தேனி வரை 2022-லும், போடிநாயக்கனூர் வரை 2023-லும் அகலப்பாதை இரயில் மீண்டும் வந்தது. சென்ற விடுமுறையில் மதுரையிலிருந்து அந்த வண்டியில் வந்திறங்கிய என் பேரன், மேற்கே தெரிந்த மலையைக் காட்டி, “தாத்தா, அங்கே இரயில் போகாதா?” என்றான். “ஒரு காலத்தில் போயிற்று” என்றேன்.

மறுநாள் இருவரும் குரங்கணிக்குச் சென்றோம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மலையுச்சியில் தெரிவது டாப் ஸ்டேஷன். மூணாற்றுத் தேயிலை அங்கு வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பின்பு வண்டிகளில் போடிக்கு வரும். அதனாலேயே உச்சிக்கு அப்பெயர். கொட்டகுடிக்கோ பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர்.

மூணாற்றிலிருந்து உச்சிவரை 1902-இல் ஓடியது விந்தையான ஊர்தி. அதற்குத் தண்டவாளம் ஒன்றே! சிறு சக்கரங்கள் அதன்மேல் உருள, பக்கவாட்டில் நீண்ட பெரிய சக்கரம் ஒன்று மண்சாலையில் ஊன்றி ஓடும். இழுத்தவை எருதுகள். 1908-இல் இரண்டடி அகல இருப்புப்பாதை அதன் இடத்தைப் பெற்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதையும் அழித்துவிட்டது. இதே முறையில் பாட்டியாலாவில் ஓடிய ஊர்தியை இன்றும் டில்லி இரயில் அருங்காட்சியகத்தில் காணலாம்.

வீடு திரும்பியதும், “அதைச் செய்வோம், தாத்தா” என்றான். இருபதில் ஒரு பங்கு அளவு என முடிவு செய்தோம்: ஐந்தடி மனிதன் மூன்று அங்குலம். உடலுக்கு இலவமரம், தண்டவாளத்துக்கு மிதிவண்டி ஆரக்கம்பி, தேயிலைப் பெட்டிகளுக்கு ஓரங்குல மரக்கட்டைகள். சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு வேண்டுமே! சிறுவன் தையற்பெட்டியைக் காட்டினான். என் துணைவி மறைந்தபின் ஈராண்டாக நான் திறவாத பெட்டி அது. திறந்தேன். அவள் சேர்த்துவைத்த வெற்று நூலுருளைகள் அளவெடுத்தாற்போல் பொருந்தின.

வண்ணமோ எழுத்தோ தீட்டவில்லை. அறிந்ததை மட்டும் செய்வதே அளவுமாதிரிக்கு அழகு.

பெட்டிகளைத் தண்டவாளத்துக்கு நேர் மேலே அடுக்கினோம். தொட்டதும் வெறும்பக்கம் கவிழ்ந்தது. மும்முறையும் அப்படியே. பின்பு அவனே பெட்டிகளைப் பக்கச் சக்கரத்தின் பக்கமாகச் சிறிது நகர்த்தினான். ஊர்தி நிமிர்ந்து நின்றது, இழுத்தபோது ஓடியது. பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தின் மேல்தான். பக்கச் சக்கரம் தாங்குவது சிறிதே. ஆயினும் பாரம் அதன்பால் சற்றே சாயாவிடில் ஊர்தி நில்லாது.

விடுமுறை முடிந்து அவன் மதுரைக்கு இரயிலேறினான். ஊர்தி என் மேசைமேல் நிற்கிறது. தையற்பெட்டியை நான் மீண்டும் மூடவில்லை. ஞாயிறுதோறும் அவன் தொலைபேசியில் கேட்கிறான்: “தாத்தா, சாயாமல் நிற்கிறதா?”

“நிற்கிறதப்பா” என்கிறேன்.