சோக்கை இழுத்தபின்

டிசம்பர் 9

அவர் ஓசூர் போனபிறகு வண்டி என் பொறுப்பு. காலை ஷிஃப்ட் குன்னூரில் ஏழு மணிக்கு. காந்தலில் இருந்து அஞ்சே முக்காலுக்காவது கிளம்ப வேண்டும். முன்கண்ணாடியில் உறைபனி. வெந்நீர் ஊற்றாதே, விரிசல் விடும் என்று அத்தை உள்ளிருந்து குரல் கொடுத்தார். பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டினேன். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் முதல் இரண்டு மூன்று நொடி கரகரவென்று வறட்டுச் சத்தம். பிறகு அது போய், மந்தமாக ‘டொக் டொக் டொக்’. கேத்தி பிரிவு வருவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. 1998 மாடல், மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. அதற்கும் வயசாகாதா என்று விட்டிருக்கலாம். ஆனால் பகல் முழுக்க வார்டில் அந்த ‘டொக்’ காதிலேயே இருந்தது.

டிசம்பர் 10

இன்றும்.

டிசம்பர் 13

டூட்டி முடித்து ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அதற்குள் இன்ஜின் சூடு. சத்தம் மூச்சு விடவில்லை. ராத்திரி முழுக்கத் துடித்த பல்வலி டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் காணாமல் போவதுபோல. பையன் பானெட்டைத் திறந்து ஒருதரம் ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தான்.

“டேப்பெட்டா இருக்கும் சிஸ்டர். இல்லேன்னா கனெக்டிங் ராடு பேரிங். இன்ஜினை இறக்கிப் பாத்தாத்தான் தெரியும்.”

“இறக்கினா எவ்வளவு ஆகும்?”

அவன் சொன்ன தொகைக்கு இந்த வண்டியையே வாங்கலாம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ராடு பேரிங் போய், அருவங்காடு ஏற்றத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டால்? பின்னால் பஸ், ஒரு பக்கம் சரிவு. இதையெல்லாம் யாரிடம் சொல்ல? ஓசூருக்கு போன் போட்டால், “பாத்துக்கலாம் விடு” என்று வரும். பார்த்துக்கொள்வது யார் என்பதுதான் அதில் வராது.

டிசம்பர் 14

யோசித்து இரண்டையும் அடித்துவிட்டேன். எழுதி வைக்கிறேன், நாளைக்கு மறுபடி பயந்தால் படிக்க.

டேப்பெட்: இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியை ஸ்க்ரூ வைத்துத்தான் சரிசெய்வார்கள். குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர் அளவு. சூடானால் அது குறைவதில்லை, கூடுகிறது. மேலே இருக்கும் ஹெட் அலுமினியம், சூட்டில் அதிகம் விரியும். அப்படியென்றால் டேப்பெட் சத்தம் சூட்டிலும் கேட்க வேண்டும். இது அடங்கிவிடுகிறது.

பேரிங்: சூடானால் ஆயில் இளகும், தேய்ந்த பேரிங் இன்னும் பலமாகத் தட்டும். ஏற்றத்தில் பளு கூடும்போது கட்டாயம் தட்டும். நேற்று திரும்பி வரும்போது செகண்ட் கியரில் ஏறினேன், கண்ணாடியை இறக்கி, ரேடியோவை அணைத்து. ஒன்றுமில்லை. ஆயில் விளக்கும் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடுகிறது.

ரொம்ப நாளைக்குப்பின் பரீட்சையில் தேறினதுபோல் சந்தோஷம். அத்தையிடம் சொன்னேன். “நல்லது கண்ணு, காப்பி ஆறுது” என்றார்.

டிசம்பர் 21

வீட்டில் கிடந்த பழைய ஸ்டெத்தின் தலையைக் கழற்றி, குழாயில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைச் செருகினேன். ஃபேன் பெல்ட் பக்கம் போகாமல், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வோர் இடமாகக் கம்பியை வைத்துக் கேட்டேன். வால்வு கவர் மேல் சன்னமான டிக்‌டிக். அது இயல்பானதாகத்தான் தோன்றியது. சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் வைத்ததும் ‘டொக்’. ஒரு சிலிண்டர் பக்கம் மட்டும் அதிகம். பால் ஊற்ற வந்தவர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

“என்ன சிஸ்டர், வண்டிக்கும் பி.பி.யா?”

சிரித்தேன். வார்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு வந்தது.

டிசம்பர் 22

டபுள் ஷிஃப்ட்.

டிசம்பர் 28

மூன்று மாதம் என்று போனவர், கம்பெனியில் ஜூன் வரை இருக்கச் சொல்கிறார்கள் என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தெளிவாக, கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. நான் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். “வித்துடலாமா?” என்றார், உடனே. எதற்கு அவ்வளவு அவசரம்? வித்துவிட்டு அஞ்சே முக்காலுக்கு நான் எதில் போவது என்று கேட்கவில்லை. தலைகுந்தாவில் பூஜ்ஜியத்துக்குக் கிட்டே போய்விட்டதாம் என்று குளிரைப் பற்றிப் பேசி போனை வைத்தேன்.

ஜனவரி 4

என்னோடு வேலை பார்க்கும் ஆயாம்மா ஒரு பாயைச் சொன்னார். வயசானவர், தகரக் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். “குளிர்ந்த இன்ஜினைத்தாம்மா கேக்கணும், ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க” என்றார். இதை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

விடிகாலை அவர் கொட்டகையில் நின்றோம். ஸ்டார்ட் செய்தார். முதலில் கரகர. “இது ஆயில் மேல ஏற்ற நேரம். நல்ல ஃபில்டர்ல உள்ள ஒரு ரப்பர் வால்வு இருக்கும், ராத்திரி ஆயில் கீழ இறங்காமப் பிடிச்சு வெக்கும். உங்க ஃபில்டர் மலிவு.” பிறகு டொக் டொக். ஒவ்வொரு பிளக் வயராக எடுத்துப் பார்த்தார். மூன்றாவதை எடுத்ததும் சத்தம் பாதியாகத் தேய்ந்தது.

“பிஸ்டன் ஆடுது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. சூடு பட்டா அலுமினியம் இரும்பைப்போல ரெண்டு பங்கு விரியும். அதான் சூடானா இடைவெளி அடைஞ்சு சத்தம் நிக்குது. இதோட இன்னும் நாலஞ்சு வருசம் ஓட்டினவங்க இருக்காங்க.” பிறகு குனிந்து டார்ச் அடித்தார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் ஒரு கரிக்கோடு. “இங்க புகை கசிஞ்சாலும் இதே மாதிரி தட்டும், சூடானா அடைஞ்சுக்கும். வயரை எடுத்தா இதுவும் குறையும். முதல்ல ஆயில், ஃபில்டர். அப்புறம் கேஸ்கெட். இன்ஜினைத் தொட வேணாம்.”

காசு வாங்க மறுத்தார். கிளம்பும்போது கேட்டார்: “காலைல ரொம்ப நேரம் சோக் போட்டு நிக்க விடுவீங்களா?”

“இல்லையே. உடனே எடுத்துடுவேன்.”

“அது நல்லது. முன்னால யாரோ விட்டிருக்காங்க. சோக்ல பெட்ரோல் அதிகமாப் போகும், சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலைக் கழுவிடும். அப்புறம் தேயாம என்ன செய்யும்? அரை நிமிசம் விட்டு, மெதுவா ஓட்டுங்க. ஓடித்தான் சூடாகணும்.”

ஜனவரி 5

பாய் சொன்னதை அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னறையில்தான் அத்தை படுக்கிறார். ஜன்னலுக்கு வெளியே வண்டி.

“அந்தச் சத்தம் ரெண்டு மூணு வருசமா இருக்கே கண்ணு. நீ குளிச்சிட்டு இருக்கறப்ப அவன் போய் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு, குளிர்ல கையைக் கட்டிட்டு நிப்பான், பத்து நிமிசம். வண்டிக்குள்ள அவளுக்கு வெதுவெதுன்னு இருக்கணும்னு. நீ வந்து ஏறறப்ப நின்னுருக்கும்.”

ஜனவரி 6

இன்று வண்டியைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை.

ஜனவரி 18

20W-40க்குப் பதில் 10W-30 ஊற்றச் சொன்னேன், நல்ல ஃபில்டரோடு. முதல் எண் சிறிதானால் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். கரகர போய்விட்டது. டொக் இருக்கிறது. கேஸ்கெட்டுக்குக் கோவையிலிருந்து வர வேண்டுமாம்.

அவரிடம் போனில் ஆயில் மாற்றினதைச் சொன்னேன். சோக் விஷயத்தைச் சொல்லவில்லை. இரண்டு தரம் வாய் வரை வந்தது.

ஜனவரி 30

கேஸ்கெட் இன்னும் வரவில்லை. வண்டியை வாங்க ஓசூரில் ஒருவர் கேட்கிறாராம். “சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு, இங்க மெக்கானிக்கிட்டப் போட்டுக் காட்டறேன்” என்றார்.

“போன்ல சரியா விழாதுங்க. டொக்குங்கறது டிக்குன்னு கேக்கும்.”

“அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?”

“காலைல அஞ்சரைக்கு இங்க இருந்தாக் கேக்கும்.”

கொஞ்ச நேரம் லைனில் ஒன்றுமில்லை. பிறகு, எந்த பஸ் சரிப்படும் என்று கேட்டார். கேட்டாரே தவிர, எந்தத் தேதி என்று சொல்லவில்லை.