மதிலும் மனிதரும்

2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் தமிழகத்திலுள்ளது செஞ்சிக் கோட்டை ஒன்றே. அதனைக் காண விரும்பிய நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு, ஒரு விடுமுறை நாளில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்று வந்தேன். தொலைவு ஏறத்தாழ 130 கிலோமீட்டர்.

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து நிற்கிறது மதில். அதன் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். கோவிலும் மசூதியும், தானியக் களஞ்சியமும் கல்யாண மகாலும் அதனுள் அடங்கியுள்ளன. 1597-ஆம் ஆண்டு, நாயக்கர் ஆட்சியில் இங்கு வந்த சேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டின் எந்த நகரையும்விடச் செஞ்சி பெரிது என எழுதிவைத்தார்.

சுமார் 800 அடி உயரமுள்ள இராசகிரியின் உச்சியை நெருங்குகையில், பாறை பிளந்து ஓர் ஆழ்ந்த பள்ளம் குறுக்கிடுகிறது. அக்காலத்தில் அதன்மேலிருந்த மரப்பாலத்தை அகற்றிவிட்டால், ஒரு சிலரே பெருஞ்சேனையைத் தடுத்து நிறுத்தலாம். அங்கு நின்றபோது உடன்வந்த சிறுவன் ஒருவன், “ஃபாதர், இவ்வளவு பலமான கோட்டையை எப்படிப் பிடித்தார்கள்?” என்று வினவினான். நல்ல வினா!

1690-இல் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மைந்தர் இராசாராம். களஞ்சியத்தில் தானியமும், மலைமேல் வற்றாத சுனைநீரும், வீரரிடையே உறுதியும் இருந்தமையால், 1698 வரை கோட்டை தாக்குப்பிடித்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில், புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. மதில் தாழவில்லை, மலையும் குறையவில்லை. ஆயினும், சில நாள்களுக்கு முன் போர்க்களத்தில் தோற்றுச் சிதறி ஓடிவந்து, ஒருவரையொருவர் நம்பாது கலங்கியிருந்தோர் பலர் அன்று உள்ளே தஞ்சம் புகுந்திருந்தனர்.

அன்பர்களே, சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் மேடவாக்கத்திலும் இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போது நான் காண்பது யாது? ஆளுயர மதில், இரும்புக் கதவு, வாயிலில் கண்காணிப்புக் கேமரா. கள்வர் அஞ்சவேண்டியதே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளே, அண்ணன் தம்பியர் பேச்சின்றி ஆண்டுகள் கழிகின்றன. அயல்நாட்டிலுள்ள மகனின் குரலுக்காகத் தாய் தொலைபேசியருகே காத்திருக்கிறாள். பிள்ளைகள் தத்தம் அறைகளில் உணவருந்துகின்றனர்.

முற்றுகை எந்த வீட்டிற்கும் வரும். நோயாக வரலாம், கடனாக, வேலையிழப்பாக வரலாம். அன்று மதில் உதவாது. இன்றிரவே தட்டுகளை ஓரிடத்தில் வைத்து, அனைவரும் சேர்ந்து அமர்ந்து உண்ணுங்கள். பேசாதிருக்கும் உடன்பிறந்தாரை நீங்களே முதலில் அழையுங்கள்.