மாரிக்கு முன்னே

பனி உறையும் நாடுகளிலே குளிர்காலம் தொடங்குமுன் மக்கள் தத்தம் வீட்டின் புறத்தைக் காப்புச் செய்து கொள்வர் என்று படிக்கின்றோம். சாளர இடுக்குகளை அடைப்பதும், நீர்க்குழாய் உறைந்து வெடியாதபடி உறை சுற்றுவதும் அவர்தம் கவலை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உறைபனி இல்லை. எமக்கு வாய்த்தது மாரி. வடகீழ்ப் பருவக்காற்று எழுந்ததும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, ஆண்டு மழையின் பெரும்பகுதி இங்கே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்றில்லாத இச்சுண்ணாம்புக் கற்பூமியில், எம் கிணறுகளுக்கு நீர் தருவதும் அம்மழையே. ஏழையின் கொட்டிலை அழிப்பதும் அம்மழையே.

ஆகவே புரட்டாசியிலேயே ஊர் விழித்துக்கொள்ளும். ஓட்டு வீட்டார் உடைந்த ஓடுகளை மாற்றுவர். பீலியில் அடைந்த சருகை அகற்றுவர். ஓலை வீட்டார் கூரையைப் புதுக் கிடுகால் வேய்வர். சுவரின் அடியில் மண் அணைப்பர். கழற்றிய பழைய ஓலையும் வீண்போகாது. தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டுப் பசளையாகும். இவற்றோடு வேலியடைப்பும் நடைபெறும்.

வேலியடைப்பு தனியொருவர் தொழிலன்று. கிளுவையும் பூவரசும் கதியால்களாய் நிற்க, வரிச்சுத் தடிகளோடு ஓலையைச் சேர்த்துக் கட்டவேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். உள்ளே நிற்பவர் குத்தூசியை ஓலையினூடே செலுத்துவார். வெளியே நிற்பவர் அதிற் கயிற்றைக் கோத்துக் கொடுப்பார். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. ஆனால் ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர் கையும் ஓய்ந்துவிடும்.

எமது வளவின் வேலியை ஆண்டுதோறும் அடைத்தவர் ஒழுங்கையின் பள்ளத்தில் வாழும் தொழிலாளி ஒருவர். எமது அப்பாச்சியார் அவரை வெறும் பெயர் சொல்லியே அழைப்பார். வெயிலில் வேலை செய்து களைத்தவருக்குப் படலைக்கு வெளியே, அவருக்கென ஒதுக்கிய குவளையிலேயே தேநீர் போகும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. 1968 இல் மாவிட்டபுரத்து ஆலய வாயிலிலே உரிமைப் போராட்டம் நடந்தது. இவையெல்லாம் பாடநூலுக்கு வெளியே நாம் கற்ற வரலாறு. அக்குவளையோ அவற்றுக்குப் பின்னரும் எமது வீட்டு இறப்பிலே செருகப்பட்டிருந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, குழந்தையாயிருந்த நாம் தங்கியது பள்ளிக்கூடத் தாழ்வாரம் ஒன்றிலே. அங்கே எமக்கு வேலியும் இல்லை, படலையும் இல்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வேலியை அடைத்தோம். குவளையும் மீண்டும் இறப்பிலே ஏறியது.

அப்பாச்சியார் மறைந்தார்; குவளையும் மறைந்தது. நாமும் பட்டம் பெற்று ஆசிரியரானோம்; சமத்துவம் பற்றி மேடைகளிற் பேசினோம். ஓலை கிடைப்பதும் அரிதாயிற்று, அடைப்புக் கூலியும் ஆண்டுதோறும் வருகிறது என்று எண்ணி, சென்ற ஆண்டு கடன்பட்டுச் சீமெந்துக் கல்லால் மதில் எழுப்பினோம். ஒழுங்கையில் எமக்கு முன்னரே பலர் எழுப்பிவிட்டனர். இனி மாரிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நிம்மதியாயிருந்தோம்.

கார்த்திகையில் மூன்று நாள் மழை விடாது பெய்தது. எமது முற்றம் முன்னெப்போதும் இல்லாதவாறு காய்ந்திருந்தது. நான்காம் நாள் ஒன்பதாந் தர வகுப்பிலே 'மாரியின் சிறப்பு' என்ற கட்டுரையை எழுதி வருமாறு பணித்திருந்தோம். ஒரு மாணவி கொப்பி கொண்டுவரவில்லை. காரணம் கேட்டோம், அவள் வாய் திறக்கவில்லை. வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். மாலையில்தான் அறிந்தோம், அவள் அவ்வேலித் தொழிலாளியின் பேத்தி என்று. கொட்டிலுக்குள் முழங்காலளவு நீர். கொப்பிகள் கொடியிலே தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தன. மை கரைந்து எழுத்தொன்றும் எஞ்சவில்லை.

வேலிக்கும் மதிலுக்கும் உள்ள வேறுபாடு அங்கே நின்றபோதுதான் விளங்கிற்று. ஓலை வேலி பார்வையைத் தடுக்கும், நீரைத் தடுக்காது. வெள்ளம் அதன் அடியால் கசிந்து, வளவுகள்தோறும் பரவி, மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளைச் சேரும். மதிலோ நீரை ஒழுங்கைக்குத் தள்ளிவிடும். இருபுறமும் மதிலெழுந்த ஒழுங்கை வாய்க்காலாகின்றது. அவ்வாய்க்கால் சென்று முடியுமிடம் பள்ளத்துக் கொட்டில். 2008 நவம்பரில் நிஷாப் புயலின்போது குடாநாடே வெள்ளத்தில் மிதந்ததைக் கண்டவர் நாம். அன்று இயற்கையைக் குறை கூறினோம். இன்று யாரைக் குறை கூறுவது?

“ஐயா, எங்கட மதிலாலதான் இது வந்தது” என்றோம்.

“தண்ணி போற வழியைத்தானே பாக்கும், மாஸ்ரர். அதுக்கு ஆற்ற வளவு எண்டு தெரியுமோ?” என்றார் அவர். அவர் குரலிற் கோபம் இருந்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

மறுநாள் அம்மாணவியிடம் வகுப்பின் முன்னே மன்னிப்புக் கேட்டோம். அது வேண்டியதே, ஆயினும் மன்னிப்பு வெள்ளத்தை வற்றச் செய்யாது. இவ்வாண்டு புரட்டாசியிலே மதிலின் அடியில் ஏழு இடங்களில் துளையிட்டு, வளவினுள் நீர் தாழ ஒரு குழியும் வெட்டினோம். “கடன்பட்டுக் கட்டிய மதிலை வாத்தியார் தாமே உடைக்கிறார்” என்று அயலவர் நகைத்தனர். பின்னர் இரு வீட்டார் வந்து பார்த்தனர். ஒருவர் தாமும் துளையிட்டார். ஒழுங்கைக்கு முறையான வடிகால் வேண்டுமெனப் பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதியுள்ளோம். அதில் முதற் கையொப்பம் அத்தொழிலாளியுடையது.

ஏழு துளைகளால் ஒரு சமுதாயம் மாறிவிடாது என்பதை நாம் அறிவோம். தன் வீட்டை மட்டும் காத்துக்கொள்பவன் தன் துன்பத்தை அயலவன் வளவுக்குத் தள்ளிவிடுகிறான். பள்ளத்தில் எவர் வாழ்கிறார், ஏன் அங்கே வாழ நேர்ந்தது என்பதையும் அவன் கேட்பதில்லை. ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே, மழை தொடங்குமுன் உங்கள் மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நீர் எவ்வழி போகின்றது என்று பாருங்கள். அது போய்ச்சேரும் வீடுவரை நீங்களும் நடந்து செல்லுங்கள்.