நூற்றில ஒரு துளி அலுமினியம்

கடைசி வருச ஆய்வுக்கு நாங்கள் நாலு பேரும் செம்பை எடுத்தபோது எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் நிற்றினோல் எடுக்கேல்ல?"

நியாயமான கேள்வி. வளைச்சுப்போட்டுச் சூடாக்கினா பழைய வடிவத்துக்கே திரும்பி வாற உலோகங்களில, நிக்கலும் தைத்தேனியமும் சேர்ந்த நிற்றினோல்தான் பெரியண்ணன். பல்லுக்குப் போடுற கம்பி, இரத்தக் குழாய்க்குள்ள வைக்கிற ஸ்ரென்ற் எல்லாத்திலயும் அதுதான். ஆனால் 2022இல டொலர் இல்லாத நாட்டில இருந்துகொண்டு, இறக்குமதிக் கம்பியை நம்பி ஆய்வு தொடங்கேலாது. செம்புக் கலப்புலோகங்களை "ஏழைகளின் நிற்றினோல்" மாதிரித்தான் பலர் பார்க்கினம். நாங்களும் அந்த வரிசையில போய் நிண்டம்.

பித்தளை எங்களுக்குப் புதுசில்லை. குத்துவிளக்கு இல்லாத வீடு எது? அதே செம்பு, நாகத்தோட கொஞ்சம் அலுமினியம் சேர்த்தால் பித்தளைக்கு ஞாபகம் வருது. நூறு கிராமில நாகம் 26, அலுமினியம் 4, மிச்சம் செம்பு: நல்லாப் பழகின ஒரு கலவை இது. உயர் வெப்பநிலையில இதன் அணுக்கள் பீற்றா எண்ட ஒழுங்கில நிக்கும். சடாரெண்டு தண்ணிக்குள்ள போட்டால் அந்த ஒழுங்கு குலையாமல் தப்பும். பிறகு இன்னும் குளிரும்போது அணு அடுக்குகள் சேர்ந்து சரிஞ்சு மார்ட்டென்சைற் ஆகும். சூடாக்கினால் வந்த வழியே திரும்பிப் போகும். ஆறவிட்டுக் குளிர்விச்சால் பீற்றா வேற நிலைகளாப் பிரிஞ்சிடும், ஞாபகமும் போயிடும்.

எங்களை மிரட்டினது அளவுதான். செம்பு-அலுமினியம்-நிக்கல் கலவையில அலுமினியத்தை நிறைப்படி ஒரு வீதம் கூட்டினால், மார்ட்டென்சைற் தொடங்குற வெப்பநிலை ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் இறங்கும். அப்ப 0.1 வீதத்துக்கே 13 பாகை! சுடுதண்ணியில விழிக்க வேண்டிய துண்டு, அறை வெப்பநிலையிலயே விழிச்சிடும். நிக்கலுக்கு வேற வேலை: அணுக்கள் இடம்மாறிப் போறதைத் தாமதப்படுத்தி, பீற்றாவைக் காப்பாத்தும். கூடிப் போனால் உலோகம் நொறுங்கும்.

நாகத்தில இன்னொரு சிக்கல். செம்பு உருக 1085 பாகை வேணும். நாகம் 907இலயே கொதிக்கும். உலைக்குள்ள போட்டது முழுக்க வெளியில வராது. அதால நாகத்தைக் கடைசியா, கொஞ்சம் கூடுதலாப் போடோணும். எழுதி வைச்ச அளவை விட, வார்த்து முடிஞ்ச துண்டில உண்மையா என்ன இருக்கு எண்டதுதான் கணக்கு.

மற்றக் குறை, உடையுறது. இந்தக் கலப்புலோகங்களின் மணிகள் பெரிசாகி, மணிகளுக்கு இடையிலயே விரிசல் ஓடும். தைத்தேனியமோ போரனோ துளியளவு சேர்த்தால் மணி சிறுக்கும். யப்பானில தோஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில வேற வழி பிடிச்சினம்: அலுமினியத்தைக் குறைச்சு மங்கனீசைச் சேர்த்தினம். உலோகம் நல்லா வளையத் தொடங்கிச்சு.

இதைப் படிச்ச பிறகு "ஏழைகளின்" எண்ட அடைமொழி எங்களுக்கு உறுத்தேல்ல. கலவையைக் கொஞ்சம் அசைச்சாலே நடத்தை மாறுறது, அளக்கிறவனுக்குத் தலையிடி, ஆனால் வேண்டிய வெப்பநிலையை நாங்களே தீர்மானிக்கிற சுதந்திரமும் அதுதான். பெரிய ஆய்வுகூடம் இல்லாத இடத்தில, ஒரு சின்ன உலை, ஒரு நல்ல தராசு, கொஞ்சப் பொறுமை இருந்தால் தொடங்கலாம். உங்கட பட்சில ஆருக்கும் ஆய்வுத் தலைப்புக் கிடைக்கேல்லையெண்டா, செம்பை ஒருக்கால் யோசிச்சுப் பாருங்கோ.