22 மில்லிமீற்றர் ஓடாவியார்

முதிரை மரத்தை அரத்தாளில் தேய்த்தால் எழும் வாசம் லேசில் அடங்காது, மாதிரி ரயில் பாதையோரம் வைக்கப்போகும் தச்சுப் பட்டறைக்காக நகக்கண் அளவான கதவொன்றைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அந்தச் சிட்டிகைத் தூளே போதுமாயிருந்தது, மட்டக்களப்பு அமிர்தகழியில் வாவியை ஒட்டிய கிடுகுக் கொட்டிலுக்குள் சம்மாணம் கொட்டியிருந்த தச்சர், எங்கள் ஓடாவியார், வந்துவிட்டார்.

அவர் மேசை போட்டு வேலை செய்தவரல்ல, நிலத்தில் இருந்து, பலகையின் ஒரு முனையைக் காற்பெருவிரலால் அழுத்தி, மறுமுனையைத் தொடையில் சாய்த்து உளி பிடிப்பார், கொட்டாப்புளி ஓயும் இடைவெளியில் வெற்றிலைச் சாற்றைச் சிரட்டைக்குள் துப்புவார், காதில் செருகிய பென்சிலை ஊரெல்லாம் தேடுவார். கிடுகின் ஓட்டைகளால் காலை வெயில் சீவல்களில் விழும், பின்னேரமானால் வாவியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கூரையின் அடிப்பக்கத்தில் நெளியும். “மனே, உளிக்கு முன்னுக்குக் கை வெக்காத” என்பதற்கு மேல் எங்களோடு அதிகம் பேசமாட்டார். தூரத்தில் ரயில் கூவினால் துண்டை உதறிக்கொண்டு தேத்தண்ணிக்கு எழும்புவார், ரயில் பிந்தினால் தேத்தண்ணியும் பிந்தும். 1928இல் பாதை மட்டக்களப்பை எட்டியபோது சிறுவனாயிருந்தவர், தண்டவாளத்தில் காது வைத்து ரயில் வரவைக் கேட்ட கதையை மட்டும் கேளாமலே சொல்வார்.

காது வைப்பது அந்தத் தலைமுறையின் பழக்கம் போலும். கல்லடிப் பாலத்தடியில், நிலவு நாளொன்றில், அம்மம்மாவின் தம்பி தோணியை நிறுத்தி, சவளைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியில் காதை வைத்துப் பாடுமீன் கேட்கச் சொன்னார், எனக்கு மீனைவிட அவருடைய சுருட்டு இருமல்தான் கூடக் கேட்டது, ஆனாலும் கேட்டதாகத் தலையாட்டினேன். மனிங் சீமாட்டியின் பெயர் தாங்கிய அந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு, பழையதில் மாலையில் நின்று படமெடுக்கிறார்கள், சவள் இறக்குபவர்களை நான் காணவில்லை.

அந்நாட்களில் வாழைச்சேனையை ரயிலில் கண்ணை மூடிக்கொண்டே அறியலாம், காகித ஆலையில் வைக்கோல் அவியும் நெடி யன்னலால் ஏறிவரும். மாமா அங்கே திருத்த வேலைப் பகுதியில் இருந்தார், ஒருமுறை உள்ளே கூட்டிப்போனார், இடுப்புயர இரும்பு மேசைகள், குறடுகள், கிறீஸ் பூசிய கடைசல் இயந்திரம், எல்லோரும் நின்றபடி, ஒருவருக்கொருவர் கத்திப் பேசியபடி. நின்று வேலை செய்யும் ஊரும் இருந்து வேலை செய்யும் ஊரும் ஒரே ரயில் பாதையில் இருப்பது அன்று எனக்கு விசித்திரமாகப்பட்டது.

1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி அமிர்தகழிக் கொட்டிலைத் தூக்கிப்போனது. விழுந்த மரங்களைக் கொண்டே ஓடாவியார் இன்னொன்று கட்டினார், கூரை மட்டும் தகரம், அதில் அந்த வெளிச்சம் நெளியவில்லை. பிறகு போரில் ரயிலும் நின்று 2003இல்தான் திரும்பியது. இப்போது தளபாடக் கடைகளில் அமுக்கிய தூள்பலகையும் பசை நெடியும், அலுமாரியைத் திறந்தால் ஒரு மரத்தின் வாசமும் இல்லை.

மறைவதை மாதிரியில் பிடித்துவைக்க முயன்றவர்கள் முன்பும் உண்டு. இங்கிலாந்தின் பென்டன் அருங்காட்சியகத்தை உருவாக்கிய றோய் இங்லண்ட், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்த கிராமத்து வீடுகளை 1930களில் 1:76 அளவில் மாதிரிகளாகச் செய்யத் தொடங்கினார். அவருக்கு அளந்து பார்க்க வீடுகள் இருந்தன, எனக்கு முதிரை வாசம்தான் இருக்கிறது. அதே அளவில் நம் அகலப் பாதையின் 5 அடி 6 அங்குலம் 22 மில்லிமீற்றர் ஆகும், அவ்வளவு உயரமான ஆளும் அதே 22, ஓடாவியார் தண்டவாளத்துக்குக் குறுக்கே படுத்தால் சரியாகப் பொருந்துவார், வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்தப் பாதையோ 16.5தான், ஆகவே பாதையையும் கையாலேயே போட வேண்டியிருக்கிறது. ஈர்க்கு வளையாகிறது, தேயிலைப் பைத் தாள் கிடுகாகிறது, சீவுளி 4 மில்லிமீற்றர். மரத்தூளுக்கு மரத்தூளைப் போட முடியாது, அந்த அளவில் அது விறகுக்கட்டையாய்க் கிடக்கும், முகப்பவுடரில் மஞ்சள் கலந்து ஊத வேண்டும்.

பட்டறைக்கென்று பெட்டியில் வரும் பொருட்களெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்கானவை. குறடு பூட்டிய மேசையை எடுத்து நிலையத்தின் கோடியில் இருக்கும் ரயில் திருத்தகத்துக்குக் கொடுத்துவிட்டேன், மாமாவின் ஆட்கள் அங்கே நிற்கட்டும். தச்சுக் கொட்டிலுக்குள் இனி நிலம்தான் மேசை, சுவரைப் பாதியாய்க் குறைத்து, உளிகளைத் தரையில் வலக்கை எட்டும் தூரத்தில் பரப்பி, நிற்கும் பொம்மையொன்றை இடுப்பில் அறுத்து மடக்கி இருத்தியிருக்கிறேன், காற்பெருவிரலுக்கு ஊசிமுனையில் ஒரு பொட்டுப் பசை.

“கூரை போட்டா இதெல்லாம் ஆருக்கு மாமா தெரியும்?” என்கிறான் மருமகன். மேற்குப் பக்கம் சில கிடுகுகளைப் போடாமல் விட்டிருக்கிறேன், ஊரார் கதவெல்லாம் செய்துகொடுத்த மனிதர் தன் கூரையை அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டவர்தானே.