ஒரு ரப்பர் குழாயின் பூர்வீகம்

சென்ற மார்கழியில் ஒருநாள் காலை, 2,80,000 கிலோமீட்டர் ஓடிய என் பழைய டர்போ டீசல் காரை நாமக்கல்லில் ஒரு பட்டறையில் நிறுத்தி, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் பருத்த ரப்பர் குழாயை மேஸ்திரி கழற்றியபோது, காற்று மட்டுமே போகவேண்டிய அந்தக் குழாயின் வளைவிலிருந்து கறுத்த எண்ணெய் நூலாக இழிந்து, கீழே வைத்திருந்த தகர டப்பாவில் அரை டம்ளர் அளவுக்குச் சேர்ந்தது. தொட்டுப் பார்த்தேன், கண்மை போல விரல் ரேகைகளில் புகுந்துகொண்டது.

"டர்போ போய்விட்டதா?" என்றேன்.

அவர் டர்போவின் தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "டர்போ நல்லாத்தான் இருக்கு சார். இது பேக் கம்ப்ரஷன் ஆயில். பிரீதர் பைப்பைக் கழட்டி ரோட்டைப் பார்த்து விட்டுட்டா இந்தத் தொல்லையே இருக்காது. பழைய லாரியில எல்லாம் அப்படித்தானே இருக்கு."

நெடுங்காலம் லாரிகளோடு பழகிய கை சொல்லும் வார்த்தையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒரு சந்தேகம் எழுந்தது. பிரீதர் குழாயைத் தரையை நோக்கித் திருப்புவது அத்தனை சுலபமான பரிகாரமானால், என்ஜினுக்குள்ளிருந்து எண்ணெய் ஆவியைச் சுமந்துவரும் அந்தக் குழாயை, சுத்தமான காற்றை உண்ணவேண்டிய டர்போவின் வாயிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டை, விஷயம் தெரிந்த பொறியாளர்கள் என்ன காரணம் பற்றிச் செய்தார்கள்? "இரண்டு நாள் பொறுங்கள்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, அந்தக் குழாயின் பூர்வீகத்தைத் தேடப் புறப்பட்டேன்.

பேக் கம்ப்ரஷன் என்று நம் பட்டறைகளில் வழங்குவதை நூல்கள் ப்ளோ-பை என்கின்றன. டீசல் எரியும் கணத்தில் பிஸ்டனின் தலைமேல் எழும் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கையும் தாண்டுவதால், ரிங்குகள் எவ்வளவு இறுகப் பொருந்தியிருந்தாலும், புத்தம் புதிய என்ஜினில்கூட, சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கீழே கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கியே தீரும். அங்கே கடையப்படும் எண்ணெயின் நுண்துளிகளோடு அது கலந்து மூடுபனியாகிவிடும். வெளியேற வழியில்லையேல் அந்த வாயு சீல்களைப் பிளந்துகொண்டு தானே வழி தேடும். ஆகவே என்ஜினுக்கு ஒரு நாசித் துவாரம் அவசியமாயிற்று.

மோட்டார் வாகனங்களின் முதற்காலத்தில் அது மேஸ்திரி சொன்ன குழாயேதான். கிராங்க் அறையிலிருந்து தரையை நோக்கி இறங்கும் இரும்புக் குழாயின் முனையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அந்த முனையில் ஓர் உறிஞ்சலை உண்டாக்கி ஆவியை இழுத்துவிடும். வண்டி நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் நீர்நிலைகளை இறங்கிக் கடக்கவேண்டியிருந்த ராணுவ வாகனங்களுக்கு அந்தத் திறந்த முனை ஆபத்தாகவே, ஆவியை வெளியே விடாமல் என்ஜினே திரும்ப உட்கொள்ளும் மூடிய ஏற்பாடு அவற்றில் இடம்பெற்றது.

சாதாரண கார்களுக்கு அது வந்து சேர்ந்த கதைதான் என்னை மிகவும் ஈர்த்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மக்கள் கண்ணெரிச்சலாலும் மூச்சுமுட்டலாலும் அவதியுற்றுக்கொண்டிருந்த காலத்தில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு ரசாயன அறிஞர், நகரின் காற்றையும் அதே முறையில் பரிசோதிக்கத் தொடங்கி, எரிபொருளின் ஆவிகள் சூரிய ஒளியில் மாறுதலடைவதாலேயே அந்த நச்சுப் பனி உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். அந்த ஆவிகளின் பிறப்பிடத்தைத் தேடியவர்கள், பின்புறத்துப் புகைக்குழாயோடு தரையை நோக்கியிருந்த இந்தச் சின்னக் குழாயும் பெருங்குற்றவாளி என்று கண்டார்கள். 1961இல் கலிபோர்னியா, அதை மேலே திருப்பி என்ஜினுக்குள்ளேயே விடும்படி விதி செய்தது. மோட்டார் வாகனங்களின் மாசைத் தடுக்க அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட முதற்கருவி அதுவே.

அந்த விதி பெட்ரோல் வண்டிகளை மனத்தில் வைத்து எழுந்தது. பெட்ரோல் என்ஜினில் ரிங்குகளைத் தாண்டி வருவது பெரும்பாலும் எரியாத எரிபொருட்கலவை. டீசலிலோ வெறும் காற்றே அழுத்தப்படுவதால் அந்தத் தீங்கு குறைவு. மேலும் பெட்ரோல் என்ஜினின் த்ராட்டில் உண்டாக்கும் வெற்றிடம் ஆவியைத் தானே இழுத்துக்கொள்ளும். டீசலுக்கு அது இல்லாமையால், டர்போவின் வாயில் நிலவும் மெல்லிய உறிஞ்சலையே நம்பவேண்டியிருக்கிறது. அப்படி விட்டால் டர்போவும் இன்டர்கூலரும் எண்ணெயால் அழுக்கடையும் என்ற காரணத்தை முன்னிட்டே, அமெரிக்காவில் டர்போ பூட்டிய கனரக டீசல் என்ஜின்களுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. 2007ஆம் ஆண்டு மாதிரிகளோடு அந்த விலக்கு நீங்கிற்று. என் தகர டப்பாவில் தேங்கிய அரை டம்ளர் எண்ணெய், சட்டம் செய்வோரையே அத்தனை காலம் தயங்கவைத்த விஷயம் என்பதை அறிந்தபோது, அதன்மேல் எனக்கு ஒருவித மரியாதையே உண்டாயிற்று.

அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது எண்ணெயை ஆவியிலிருந்து பிரிக்கும் கலை. கார்களில் ஒரு சிறிய அறையில் ஆவியைச் சுழலவிட்டோ, வடிகட்டியில் செலுத்தியோ துளிகளைத் திரளச்செய்து கீழே திருப்பிவிடுகிறார்கள். லாரிகளுக்கு இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. 1878இல் ஸ்வீடனில் குஸ்தாவ் டி லாவால், பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் சுழல் யந்திரத்தை அமைத்தார்; அவர் வழிவந்த ஆல்ஃபா லாவால் நிறுவனம், ஹால்டெக்ஸ் நிறுவனத்தோடு கூடி, அதே தத்துவத்தில் அடுக்குத் தட்டுகளைச் சுழற்றி என்ஜினின் ஆவியைச் சுத்திசெய்யும் கருவியைக் கொண்டுவந்தது. நம் பால் பண்ணைகளில் வெண்ணெய்க்காகச் சுழலும் யந்திரத்தின் உறவினர் ஒருவர் லாரி என்ஜினின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பேரானந்தம் தந்த செய்தி.

மூன்றாம் நாள் பட்டறைக்குத் திரும்பினேன். மேஸ்திரி என்ஜினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அந்த வாயின்மேலேயே தலைகீழாக வைத்தார். மூடி சற்றே நடுங்கிற்று; எகிறவில்லை. "ரிங் தேஞ்சிருந்தா மூடி நிக்காது சார்" என்றார். ஆனால் அன்று காலை டிப்ஸ்டிக் தன் இடத்தைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியிருந்ததை நான் கவனித்திருந்தேன். ரிங்குகள் நல்ல நிலையில் இருக்க, உள்ளே அழுத்தம் சேர்வானேன்? அதைச் சொன்னதும் அவர் ஒரு கணம் யோசித்து, வால்வ் கவரின் ஓரத்தில் இருந்த பிரிப்பு அறையைத் திறந்தார். அதன் வடிகட்டி தார் பூசிய பஞ்சாக இறுகிக் கிடந்தது.

புதிர் அங்கே அவிழ்ந்தது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டு எண்ணெயின்மேல் மிதக்கிறது; அந்த எண்ணெய் தன் பாரத்தாலேயே கிராங்க் அறைக்கு இறங்கவேண்டும். கீழே அழுத்தம் சேர்ந்தால் இறங்கமாட்டாமல் தேங்கி, சீலைக் கடந்து காற்றுப் பாதையில் கசிந்துவிடும். அடைப்பு பிரிப்பு அறையில் இருந்தபடியால், அதற்கு அப்பாலுள்ள குழாயைச் சாலையை நோக்கித் திருப்பியிருந்தாலும் அழுத்தம் அப்படியேதான் இருந்திருக்கும். மேஸ்திரியும் அதை மனமார ஒப்புக்கொண்டார்.

வடிகட்டியை மாற்றி, இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி, ஈரம் சிறிதுமின்றி உலர்த்திப் பூட்டினோம். இதில் அலட்சியம் கூடாது; அங்கே தேங்கிய எண்ணெயை டீசல் என்ஜின் எரிபொருளாகவே உறிஞ்சி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடும் விபத்து உண்டு. 5,000 கிலோமீட்டருக்குப் பின் அதே குழாயைக் கழற்றிப் பார்த்தபோது, உட்சுவரில் மெல்லிய பளபளப்பு மட்டுமே இருந்தது; டப்பாவில் ஒரு சொட்டும் விழவில்லை.

பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், அடுத்தமுறை ஆயில் மாற்றும்போது பிரீதரின் பிரிப்பு அறையையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குழாயைச் சாலையை நோக்கித் திருப்பிவிட மட்டும் இசையாதீர்கள்.