குட்டி எகிப்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

தலைப்பைப் பார்த்து ஏமாறாதே. இங்கே பிரமிடும் கிடையாது, நைலும் கிடையாது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடிக்குக் ‘குட்டி எகிப்து’ என்று பேர். கெய்ரோ, தீப்ஸ், கர்னாக் என்றுகூட ஊர்கள் இருக்கின்றன. சிகாகோவிலிருந்து தெற்கே 500 கிலோமீட்டர் போல வந்து, ஜான்ஸ்டன் சிட்டி என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் இறங்கியிருக்கிறேன். பார்க்க ஒன்றுமில்லை, கேட்கத்தான் வந்தேன். பூல் மேசையை மட்டும் நம்பி ஊர் ஊராகச் சுற்றிய பந்தயக்காரர்களின் கதைகளைப் பொறுக்குகிறேன். அவர்களை ஹஸ்லர் என்பார்கள்.

நம் தெருமுனைக் கேரம் போர்டு ஞாபகம் இருக்கா? வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து, முதல் இரண்டு போர்டு அசடு வழியத் தோற்றுவிட்டு, மூன்றாவதிலிருந்து நம் எல்லாருடைய டீ காசையும் வழித்துக்கொண்டு போனாரே! அதே தொழில்தான், பணம்தான் பெரிது. சொந்தக் க்யூ கோலைக் கொண்டுபோகக் கூடாது, சுவரில் சாத்தியிருப்பதை எடுக்க வேண்டும். ஜெயித்தால் மயிரிழையில் ஜெயிக்க வேண்டும், எதிராளி ‘அதிர்ஷ்டக்கட்டை’ என்று நினைத்து இன்னொரு ஆட்டத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. முழுத் திறமையை ஒருநாளும் காட்டக் கூடாது. ஆட்டத்தைவிடப் பேரம் முக்கியம். யாருக்கு எத்தனை பந்து விட்டுக்கொடுப்பது என்று பேசி முடிக்கும்போதே பாதி ஆட்டம் முடிந்துவிடும். பின்னால் பணம் போடுகிறவர் ஒருவர் இருப்பார். சில சமயம் ஆடுகிற இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து அவர் தலையிலேயே மிளகாய் அரைப்பார்கள்.

இப்படி மறைந்து பிழைத்தவர்களை ஜான்ஸ்கோ என்ற சகோதரர்கள் 1961இல் இந்த ஊருக்கு அழைத்துப் போட்டி வைத்தார்கள். ‘ஒன் பாக்கெட்’ ஆட்டம்: மேசையில் ஆறு குழி இருந்தாலும் ஆளுக்கு ஒன்றுதான், 15 பந்தில் எட்டை அதில் முதலில் போடுகிறவர் ஜெயிப்பார். அடிப்பதைவிட எதிராளியை அடிக்க விடாமல் செய்வதுதான் வித்தை. பரிசுப் பணம் பேருக்குத்தான். உண்மையான ஆட்டம் போட்டி முடிந்தபின் விடிய விடிய நடந்தது. 1972இல் மத்திய அதிகாரிகள் உள்ளே புகுந்து ஆட்களைப் பிடிக்கும்வரை இந்தத் திருவிழா ஓடியது. எனக்கென்னவோ, அதற்கு முன்பே தொழிலுக்குக் கேடு வந்துவிட்டது என்று தோன்றுகிறது. முகம் பத்திரிகையில் வந்த ஹஸ்லரை எந்த ஏமாளி நம்புவான்?

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தவர் ருடால்ஃப் வாண்டரோன். குண்டு மனிதர்; ‘நியூயார்க் ஃபேட்ஸ்’ என்று பேர். வால்டர் டெவிஸ் எழுதிய ‘தி ஹஸ்லர்’ நாவல் 1961இல் படமாக வந்தது. அதில் மினசோட்டா ஃபேட்ஸ் என்றொரு பாத்திரம். “அது நான்தான்” என்று இவர் கிளம்பிவிட்டார். நானே கற்பனை செய்தது என்று டெவிஸ் எவ்வளவோ மறுத்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உலகப் பட்டத்தை 15 தடவை வென்ற வில்லி மோஸ்கோனிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. 1978இல் தொலைக்காட்சியில் இருவரும் மோதினார்கள். ஜெயித்தது மோஸ்கோனி, ஆனால் வாய் ஓயாமல் பேசிச் சிரிக்க வைத்தது ஃபேட்ஸ்.

இதற்கு நேர் எதிர்க் கதை பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ். 1985இல் அமெரிக்காவுக்கு வந்தபோது, அவர் பேர் இங்கே பரவியிருந்தது, முகம் பரவவில்லை. அதனால் சீசர் மொராலெஸ் என்ற பேரில் டெக்சாஸின் ஹூஸ்டன் போட்டியில் இறங்கி ஜெயித்தார். மூன்று வாரத்தில் 80,000 டாலருக்கு மேல் அள்ளினார் என்பது கதை. ஒருத்தர் பேர் வாங்க இன்னொரு பேரை எடுத்தார், இன்னொருத்தர் பேரை ஒளிக்க எடுத்தார். பொய்யே தொழிலாக இருந்தவர்களிடம் கதை கேட்டால் இப்படித்தான். எதை நம்புவது என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் நம்புகிறேன், ஏனென்றால் அதில் யாருக்கும் பெருமை இல்லை. 1941இல் பக்கத்து டு குயின் ஊருக்கு வந்த ஃபேட்ஸ், அங்கே ஈவ்லினைக் கண்டு அந்த வருஷமே கல்யாணம் செய்துகொண்டார். போர்க்காலத்தில் இருவரும் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போனார்கள்; சம்பளமும் கையுமாக மாலுமிகள் திரிந்த ஊர். வெள்ளி டாலரைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை என்று இவர் பெருமை அடித்துக்கொள்வாராம். அப்படியானால் பெட்டியைத் தூக்கியது ஈவ்லின். காரை ஓட்டியது ஈவ்லின். நடுவழியில் டயர் பஞ்சரானால் கழற்றி மாட்டியதும் ஈவ்லின்தான்; இவர் உட்கார்ந்திருப்பார். பத்து வருஷமல்ல, நாற்பது வருஷத்துக்கும் மேல். 1980களில்தான் பிரிந்தார்கள்.

நாளைக்கு அவர்கள் குடியிருந்த டோவெல் கிராமத்துக்குப் போகிறேன். யாராவது கிடைத்தால் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும்.

உன்,
ஊர்சுற்றி